ட்ரையல் வண்டி

ஜூன் 3, செவ்வாய்

வண்டி வரத்து போக்கு எழுதத்தான் இந்த டைரி. வீட்டு விஷயம் எழுதிப் பழக்கமில்லை. இன்றைக்கு எழுதத் தோன்றுகிறது.

காலையில் தோசை தின்னும்போது தாரணி சொன்னாள்: "அப்பா, எனக்கு ஒரு ட்ரையல்ஸ் வண்டி வேணும்."

வசுமதி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பினாள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். நான் வாங்குகிற பழைய வண்டியைப் பார்ட்டிக்குக் காட்டுவதற்கு முன்னால் தாரணி ஒரு வாரம் காலேஜுக்கு ஓட்டிப் போவாள். எங்கே சத்தம், எங்கே இழுவை, எந்த கியர் வழுக்குகிறது என்று வந்து சொல்வாள். அதற்குப் பெயர் ட்ரையல் வண்டி. லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து அப்படித்தான். என் கடையில் அவளைவிட நல்ல கை யாருக்கும் இல்லை, எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போன செப்டம்பரில் விழுந்து இடது காரை எலும்பு உடைந்த பிறகு எந்த வண்டியையும் தொடவில்லை. பஸ்ஸில் போகிறாள்.

"கடைல இருபது நிக்குது. எது புடிக்குதோ எடுத்துக்க கண்ணு" என்றேன்.

"அது இல்லப்பா. இது வேற."

செல்போனில் காட்டினாள். ஒரு ஆள் எருமை உயரப் பாறை மேல் வண்டியை நடத்திக்கொண்டு போகிறான். ஓட்டவில்லை, நடத்துகிறான். நின்றுகொண்டே.

"சீட்டு எங்கம்மிணி? களவு போயிருச்சா?"

"சீட்டே கெடையாதுப்பா. உக்காரக் கூடாது. வேகம் தேவையில்ல. காலைக் கீழ ஊனாம பாறையத் தாண்டோணும், அவ்வளவுதான்."

வசுமதி, "ரோட்டுலயே விழுந்து எந்திரிச்சவ. பாறைல விழணுமாக்கும்?" என்றாள்.

"ரோட்டுல என்ன தப்புப் பண்ணுனேன்னு எனக்குத் தெரியோணும்மா. மெதுவா ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

நான் கை கழுவப் போய்விட்டேன்.

ஜூன் 4, புதன்

இரண்டு ஸ்கூட்டர் உள்ளே, ஒன்று வெளியே. மூன்று வண்டிக்கு பேட்டரி மாற்றினேன்.

சென்னிமலை ரோட்டில் தாரணி விழுந்த பாலத்துக்குப் பக்கத்துக் குழியை இன்னும் மூடவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பெரிய குழி இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

கோயமுத்தூர்க்காரர் ஜெரால்டு என்று ஒருவர் இந்த வண்டி ஓட்டக் கற்றுக் கொடுக்கிறார் என்று தாரணி நம்பர் வாங்கித் தந்தாள். முன்பு ரேலி பந்தயம் ஓட்டியவர். பேசினேன்.

"எத்தனை கிலோமீட்டர் ஓடுன வண்டி எடுக்கலாமுங்க?"

"இதுல கிலோமீட்டரே இல்லீங்கண்ணா. மீட்டரே கெடையாது. மணிக்கணக்குதான்."

"ஆர்.சி. புக்கு?"

"ரோட்டுக்கே வராத வண்டிங்க. புக்கு எதுக்கு?"

எனக்கு வேர்த்துவிட்டது. பஞ்சர் ஒட்டி ஆரம்பித்தவன் நான். இருபத்தாறு வருஷத்தில் புக் இல்லாத வண்டியைக் கையால் தொட்டதில்லை. மைலேஜ் இல்லை, மீட்டர் இல்லை, ஹெட்லைட் இல்லை, உட்கார இடமில்லை. நான் வண்டிக்கு விலை போடுகிற எந்த இடமும் இதில் இல்லை. பழைய வண்டியில் ஊறியவன், இந்த வண்டிக்கு நானும் புதுசுதான்.

அவர் சொன்னதை எழுதி வைக்கிறேன். முதல் வண்டிக்கு வேகம் பார்க்கக் கூடாது. எடை பார்க்க வேண்டும். எழுபது கிலோவுக்குள் இருந்தால் விழுந்த பெண் தானே தூக்கி நிறுத்துவாள். முந்நூறு சி.சி. வண்டி தெரிந்தவனுக்குத்தான், பழகுகிறவனை அது தூக்கி எறியும். நூற்றிருபத்தைந்து லேசு, ஆனால் இழுவை போதாமல் கிளட்சிலேயே உயிர் போகும். இருநூற்றைம்பதில் சாந்தமான எஞ்சினாக, ஆக்ஸிலேட்டர் மெதுவாகத் திறக்கிற மாதிரி மாற்றியது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். முக்கியமாக, சாமான் கிடைக்க வேண்டும். கிடைக்காத சாமானுக்கு மூன்று மாதம் வண்டி தூங்கும்.

"ஆரம்பத்துல புதுசு வேண்டாமுங்க. எப்படியும் கீழ போடுவாங்க. அடிபட்டதே எடுங்க. ஆனா எங்க அடிபட்டுச்சுன்னு தெரிஞ்சு எடுங்க" என்றார்.

கடைசி வார்த்தை சரியான வார்த்தை.

ஜூன் 15, ஞாயிறு

கோயமுத்தூரில் ஒரு வண்டி பார்க்க நானும் தாரணியும் ஆம்னி வேனில் போனோம். பெரிய பங்களா. முந்நூறு சி.சி., இறக்குமதி. வண்டி மணப்பெண் மாதிரி நின்றது.

"பன்னெண்டு மணி நேரந்தானுங்க ஓடியிருக்கு. ஒரு கீறல் இல்ல பாருங்க" என்றார் வீட்டுக்காரர்.

பாறையில் ஓட்டுகிற வண்டிக்கு ஒரு கீறல் இல்லை என்றால் ஒன்று ஓட்டவே இல்லை, அல்லது பிளாஸ்டிக்கும் ஸ்டிக்கரும் போன வாரம் வாங்கியது. எஞ்சின் மேல் கை வைத்தேன். சூடு. காலை ஒன்பது மணிக்கு.

"காலைல கோயிலுக்குப் போயிட்டு வந்துச்சுங்களா வண்டி?" என்று கேட்டேன். அவர் சிரித்து மழுப்பினார். ஆறிய எஞ்சின் ஒரே உதையில் எடுக்கவில்லை என்றால் பார்ட்டி வருவதற்கு முன் ஓடவிட்டுச் சூடாக்கி வைப்போம். நானே எத்தனையோ தடவை செய்திருக்கிறேன்.

முன் ஃபோர்க்குக்கு வந்தேன். சக்கரத்தைத் தாங்குகிற அந்த இரண்டு குழாயிலும் மேலிருந்து கீழே நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். வளைந்த குழாயைப் பிரஸ்ஸில் வைத்துத் தட்டி எடுத்திருந்தால் அந்த இடத்தில் நகம் கொஞ்சம் தயங்கும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வலது பக்கம் நகம் வழுக்கிக்கொண்டு போனது. இடது பக்கம் பாதியில் தயங்கியது.

கையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரமானது.

"பாத்துட்டுச் சொல்றோமுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வேனில் தாரணி, "இன்னும் என்னப்பா பாக்கறதுக்கு இருக்குது?" என்றாள்.

"வேண்டாம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்ல முடியுமா கண்ணு? வியாபாரத்துல பாத்துட்டுச் சொல்றேன்னா வேண்டாம்னு அர்த்தம்."

சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு. கொஞ்ச தூரம் போய் நகத்தைப் பற்றிக் கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். ஜன்னல் கம்பியில் நகத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"தட்டி எடுத்த ஃபோர்க்குல ஓட்டுனா என்னாகும்ப்பா?"

"மெதுவாப் போனா ஒண்ணும் ஆகாது."

அவிநாசியில் டீக்கு நிறுத்தினேன். டீ ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது. அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

வண்டி எடுத்துவிட்டோம்.

சென்னிமலைக்கு அந்தப் பக்கம் பழைய பாறைக்குழி ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து அங்கேதான் ஜெரால்டு பழக்குகிறார். கல் வெட்டி முடித்துவிட்ட குழி. படிப்படியாகப் பாறை, அடியில் கொஞ்சம் தண்ணீர். அவரிடம் நான்கு வண்டி. ஒன்றைக் கொடுப்பதாகச் சொன்னார். இருநூற்றைம்பது சி.சி., பதினொரு வருஷத்து வண்டி.

எஞ்சினைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. இரண்டாவது உதையில் எடுத்தது.

"மொத உதைல எடுக்காதுங்கண்ணா, குளிர்ல மூணு கூட ஆகும்" என்றார். பிறகு நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். பின்சக்கரத்து லிங்க் பேரிங் லூஸ், இரண்டு மாதத்தில் மாற்ற வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் சில சமயம் தாமதமாகச் சுற்றும். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற தகட்டைப் படுத்துப் பார்த்தேன். முழுக்க அடி, அம்மி கொத்தின மாதிரி. ஒன்றின் மேலும் பெயிண்ட் இல்லை.

குறையைச் சொல்லி விற்கிறவரை என் தொழிலில் நான் பார்த்ததில்லை. பேரம் பேச வாய் வரவில்லை, இருந்தாலும் பழக்கத்துக்குக் கொஞ்சம் பேசினேன்.

ஃபோர்க்கில் நகத்தை ஓட்டினேன். இரண்டு பக்கமும் சுத்தம். மறுபடி ஓட்டினேன். மறுபடியும்.

"அண்ணா, குழாய் தேஞ்சிரும்" என்றார் ஜெரால்டு.

குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வசுமதி சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உக்கார எடமில்லாத வண்டிக்கு இத்தனை பணமா? சீட்டுக்குத் தனியாக் கேப்பாங்களோ?" என்றாள். பிறகு சந்தனம் குங்குமம் வைத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் மட்கார்டில் வைத்தாள்.

தாரணி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு பிடிக்கிறாள். எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது போலிருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

முதல் பழக்கம். டயரில் காற்று இல்லாத மாதிரி வைத்து ஓட்டுகிறார்கள், பாறையைப் பிடித்துக்கொள்ள. நான் காற்றடிக்கப் போனேன், ஜெரால்டு ஓடிவந்து தடுத்தார். விழுந்தால் எஞ்சின் நிற்கிறதுக்கு ஒரு கயிறு, மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்கள். காலை ஊன்றினால் ஒரு பாயிண்ட் தப்பு. விழுந்தால் ஐந்து.

ஏற்றத்தில் அவளுக்குப் பயமே இல்லை. முழங்காலை மடக்கி, வண்டியைத் தன் கீழே விட்டு, பூனை மாதிரி ஏறுகிறாள். ஜெரால்டு என்னிடம், "பழகுன கைங்கண்ணா இது" என்றார்.

இறக்கத்தில்தான். ஒரு விரலை முன் பிரேக்கில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டுமாம். இவள் அந்த விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொள்கிறாள். பின் பிரேக்கில் மட்டும் இறங்கினால் சக்கரம் வழுக்குகிறது. நான்கு தடவை விழுந்தாள்.

ஜூலை 2, புதன்

மூன்று வண்டி உள்ளே. ஒன்றுக்கு ஃபோர்க் வளைந்திருக்கிறது. மெக்கானிக் கனகு, "தட்டி எடுத்தறலாங்களாண்ணா?" என்று கேட்டான். அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

இன்றைக்கும் அதே. இரண்டாவது படியில் முன்னால் கவிழ்ந்து விழுந்தாள். பழைய காரை எலும்புப் பக்கமே. எழுந்து உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். அழவில்லை.

ஜெரால்டு பக்கத்தில் குந்தி, "முன் பிரேக்க ஏம்மா தொட மாட்டேங்கறே?" என்று கேட்டார்.

"நான் முன் பிரேக்க இறுக்கிப் புடிச்சுத்தான் சார் அன்னைக்கு விழுந்தேன்."

"அப்படின்னு உனக்கு ஞாபகம் இருக்குதா?"

"இல்ல சார். குழி ஞாபகம் இருக்குது. அப்புறம் ஆஸ்பத்திரி. அப்பாதான் சொன்னாங்க."

ஜெரால்டு என்னைப் பார்த்தார். "என்ன வேகம்? என்ன வண்டி? நீங்க வண்டியப் பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேனுங்க" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

வேனில் வரும்போது தாரணி சொன்னாள்: "வண்டிய வித்துருங்கப்பா. நல்ல வண்டி, நீங்க நல்லாத்தான் பாத்து எடுத்தீங்க. என்ற கை சரியில்ல. எப்ப எதை அமுக்கும்னு எனக்கே தெரியல. கடைல இனி ட்ரையலுக்கும் வேற ஆள் பாத்துக்குங்க."

ஜூலை 7, திங்கள்

கடையைத் திறந்து ஊதுபத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன். யாரும் இன்னும் வரவில்லை.

போன ஆகஸ்டில் கரூரிலிருந்து ஒரு வண்டி எடுத்தேன். எஞ்சின் தங்கம். ஃபோர்க் இரண்டும் வளைந்திருந்தது. புதுசு போட்டால் லாபம் நிற்காது. கனகு பிரஸ்ஸில் வைத்துத் தட்டி எடுத்தான். இடது குழாயில் நகம் தயங்கியது. எனக்குத் தெரியும். பார்ட்டிக்குக் கொடுத்து ஏதாவது ஆனால் பெயர் கெட்டுவிடும், ஒரு வாரம் ஓடட்டும், தாங்குகிறதா பார்க்கலாம் என்று நினைத்தேன். ஓட்டுவதற்கு வீட்டில் ஆள் இருந்தது.

தாரணி முதல் நாளே வந்து, "முன்னாடி ஏதோ இடப்பக்கம் இழுக்கற மாதிரி இருக்குதுப்பா" என்றாள். டயரில் காற்றுப் பார் என்றேன். நான்காம் நாள் இடது குழாய் ஒடிந்தது.

நான் போனபோது வண்டி பாலத்தடியில் கிடந்தது. ஒடிந்த இடத்தைப் பார்த்தேன். மறுநாளே காயலான் கடையில் போட்டு, என் கண் முன்னாலேயே அறுக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்து, "நான் என்னப்பா பண்ணுனேன்?" என்று கேட்டாள். "முன் பிரேக்க அமுக்கியிருப்பே கண்ணு" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. பார்ட்டி கேட்டால் வாயில் வருமே, அந்த மாதிரி வந்துவிட்டது.

அந்த வார்த்தையை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். ஏனென்றால் வண்டி விஷயத்தில் நான் சொன்னால் சரியாக இருக்கும்.

நல்ல வண்டி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் அவள் மறந்து ஓட்ட ஆரம்பிப்பாள், நான் வாய் திறக்க வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டிருக்கிறேன். எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது. அந்த வண்டி ஒரு விரலில் வந்து நிற்கிறது. அந்த விரலை மடக்கி வைத்தவன் நான்.

ஜூலை 10, வியாழன்

சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ஒரு ஸ்கூட்டர் போனது.

ஜூலை 13, ஞாயிறு

விற்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். ஜெரால்டு வேறு இரண்டு பேருக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். வண்டியை இறக்கி வைத்துவிட்டு, பாறை மேல் உட்காரச் சொன்னேன். அவள் உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

"அன்னைக்கு நீ முன் பிரேக்கு புடிக்கல கண்ணு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஃபோர்க்கு ஒடிஞ்சுதான் விழுந்தே. தட்டி எடுத்த ஃபோர்க்கு. தெரிஞ்சுதான் குடுத்தேன். தாங்குதான்னு பாக்கறதுக்கு."



"எந்தப் பக்கம்?"

"எடது."

அவள் கை தானாகக் காரை எலும்புக்குப் போனது. "இழுக்குதுன்னு சொன்னேன்ல?"

"சொன்னே."

"ஆஸ்பத்திரில..."

"நான்தான் சொன்னேன். பொய்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து வண்டியிடம் போனாள். முன்னால் மண்டியிட்டு, கையுறையைக் கழற்றி, நகத்தை வைத்து வலது குழாயில் மேலிருந்து கீழே ஓட்டினாள். பிறகு இடது குழாயில். அவசரமே இல்லை. ஒவ்வொரு பக்கமும் மூன்று தடவை. நான் பார்த்து எடுத்த வண்டி. நான் சோதித்த ஃபோர்க்.

பிறகு ஹெல்மெட்டை மாட்டி, கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு மேலே ஏறிப் போனாள். படியின் விளிம்பில் நின்றாள். அவள் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் ஒன்று நீண்டு பிரேக்கின் மேல் உட்கார்ந்தது.

முதல் படி. இரண்டாவது. முன்சக்கரம் அவள் சொன்ன இடத்தில் நின்றது, சொன்னபோது நகர்ந்தது. அடி வரைக்கும் காலை ஊன்றவில்லை.

ஜெரால்டு கைதட்டினார். "இத்தனை நாளா எங்கம்மா வெச்சிருந்தே இதை?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. வண்டியை வேனில் ஏற்றக் கை கொடுத்தாள், கதவைச் சாத்தினாள், ரோடு வரை நடந்துபோய் பஸ் ஏறினாள்.

ஜூலை 14, திங்கள்

வசுமதியிடம் தாரணியே சொல்லியிருக்கிறாள்.

காலையில் வசுமதி தட்டு வைத்தாள், தோசை வைத்தாள். சட்னி ஊற்றும்போது சொன்னாள்: "பத்து மாசமா நானும் அவளைத் திட்டுனேனுங்க. பாத்து ஓட்டத் தெரியாதா, என்ன வேகம்னு. உங்க பொய்க்கு என்னையும் கூட்டுச் சேத்துட்டீங்க."



ஜூலை 16, புதன்

ஃபோர்க் வளைந்த வண்டியைக் கழற்றச் சொன்னேன். கடையில் தட்டி எடுத்து நிற்பது இன்னும் இரண்டு. மூன்றின் ஃபோர்க்கையும் அறுக்கச் சொன்னேன்.

"நல்லா இருக்கறதைப் போயி அறுக்கறீங்களேண்ணா" என்றான் கனகு.

"அறு."

இந்த டைரிக்கு முந்தைய டைரிகளை எடுத்து, தட்டி எடுத்த ஃபோர்க்குடன் போன வண்டிகளைத் தேடினேன். எனக்குத் தெரிந்து பதினொன்று. போன் போட ஆரம்பித்திருக்கிறேன். முதல் ஆள், "என்னங்க, புது ஏமாத்தா?" என்று கேட்டார். நியாயம்தான்.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் தாரணி தானே குட்டியானைக்காரனுக்குப் போன் போட்டு வரச்சொல்லியிருந்தாள். வண்டியை ஏற்றிக் கயிறு கட்டினாள். முடிச்சு நான் போடுகிற முடிச்சு.

வாசலில் நின்று, "நானும் வரட்டுமா கண்ணு?" என்றேன்.

"வேண்டாம்ப்பா."

"வண்டிய விக்கறதில்லையல்ல?"

"இல்ல."

அவள் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அப்பங்கூடப் பழையபடி பேசுவியா?"

கதவுக் கண்ணாடியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"பாத்துட்டுச் சொல்றேன்ப்பா."

வண்டி போய்விட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

கடைக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் வந்தவர்கள் உண்டு. வந்தவர்களில் ஒருவர்கூட நான் சொன்னதை வைத்து எடுக்கவில்லை. எல்லாரும் எஞ்சினைத் தொட்டு, ஃபோர்க்கைத் தடவி, முதலிலிருந்து மறுபடி பார்த்துத்தான் எடுத்தார்கள்.